பூனை டாரோ கார்டுகளுக்குப் பின்னால் ஒரு பெண்: யார் இந்த பமீலா கோல்மன் ஸ்மித்?

அப்ரைசல் மெயில் வருவதற்கு முந்தைய நாள். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, பக்கத்து டீம் தோழி பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே 78 கார்டுகள். எல்லாவற்றிலும் பூனைகள். கலைத்துவிட்டு மூன்றை எடுக்கச் சொன்னாள்.

முதல் கார்டில் ஒரு பூனை, பத்துக் குச்சிகளை மொத்தமாகக் கவ்விக்கொண்டு இழுக்க முடியாமல் இழுத்துப் போகிறது. இரண்டாவதில் நூல்கண்டில் சிக்கி, கண் மறைந்து நிற்கும் பூனை. சுற்றிலும் எட்டு வாள்கள். மூன்றாவதில் நடுராத்திரியில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, முன்னங்கால்களால் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறது இன்னொரு பூனை.

விளக்கம் சொல்ல ஆளே தேவைப்படவில்லை. மொத்த மேஜையும் சிரித்துவிட்டது. வேலைப்பளு, மாட்டிக்கொண்ட உணர்வு, தூக்கம் வராத ராத்திரி. டாரோ பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்குக்கூட அந்தப் படங்கள் புரிந்தன.

அன்று சாயந்திரம் சும்மா தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பூனைகள் எடுத்துக்கொண்ட ‘போஸ்’ எதுவும் பூனை வரைந்தவருடைய ஐடியா கிடையாது. பத்துக் குச்சி, எட்டு வாள், முகம் பொத்திய ராத்திரி என எல்லாமே 1909-ல் லண்டனில் 31 வயதுப் பெண் ஒருவர் வரைந்தவை. நாய், முயல், பாண்டா, நரி என்று இன்று கடைகளில் கிடைக்கும் ஜாலியான டாரோ கார்டுகளில் ஏராளமானவை அவருடைய கோடுகளின் மேல்தான் நிற்கின்றன. அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பேமென்ட். அதுவும் ரொம்பக் குறைவு. பல வருடங்களுக்குப் பெட்டியில் அவர் பெயர்கூட இல்லை.

அவர் பெயர் பமீலா கோல்மன் ஸ்மித்.

டாரோ என்றால் என்ன?

கதைக்குள் போவதற்கு முன் இதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். டாரோ ஆரம்பத்தில் ஜோசியம் கிடையாது. 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் பணக்கார வீடுகளில் விளையாடிய சீட்டாட்டம். எதிர்காலம் சொல்ல அதைப் பயன்படுத்தும் பழக்கம் 18-ம் நூற்றாண்டு பிரான்சில்தான் பரவியது.

மொத்தம் 78 கார்டுகள். இதில் 22 ‘பெரிய’ கார்டுகள்: முட்டாள், மந்திரவாதி, சூரியன், நிலா, மரணம் மாதிரி. மீதி 56 நம்ம சீட்டுக்கட்டு போலத்தான். கோல், கிண்ணம், வாள், நாணயம் என்று நான்கு வகை. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை, அப்புறம் பணியாள், வீரன், ராணி, ராஜா.

நம்ம ஊர் கிளி ஜோசியத்தில் கிளி கார்டை எடுத்துக் கொடுக்கும். இங்கே கிளியே கார்டுக்குள் உட்கார்ந்திருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான் என்று தோழி சொன்னாள். எதிர்காலம் தெரியுமா என்றால், தெரியும் என்பதற்கு அறிவியல்பூர்வமான ஆதாரம் எதுவும் இல்லை. அந்த விவாதம் இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது படங்கள்.

மூன்று நாடுகளில் ஒரு சிறுமி

1878 பிப்ரவரி 16 அன்று லண்டனில் பிறந்தார் பமீலா. அப்பா, அம்மா இருவரும் அமெரிக்கர்கள். ஒரே குழந்தை. சின்ன வயதில் கொஞ்ச காலம் மான்செஸ்டரில் இருந்தார்கள். அப்பா சார்லஸ் எட்வர்ட் ஸ்மித்துக்கு ஜமைக்காவில் ரயில் பாதை விரிவாக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் குடும்பம் கிங்ஸ்டனுக்குப் போனது. அப்போது பமீலாவுக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும்.

அந்த வயதில் கேட்கும் கதைகள் மண்டையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும் இல்லையா? பமீலாவுக்கும் அதுதான் நடந்தது. ஜமைக்காவில் வீட்டுக்கு வீடு சொல்லப்பட்டவை அனான்சி கதைகள். அனான்சி ஒரு சிலந்தி. சில நேரம் மனிதன் மாதிரியும் நடந்துகொள்வான். உடம்பில் பலம் கிடையாது, ஆனால் மூளை முழுக்கக் குறும்பு. புலி மாதிரிப் பெரிய மிருகங்களைக்கூடத் தந்திரத்தால் கவிழ்த்துவிடுவான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட மக்கள், கையில் எதுவும் எடுத்துவர முடியாதபோது வாயில் சுமந்துவந்த கதைகள் இவை. சின்னது பெரியதை ஜெயிக்கும் கதை அவர்களுக்கு எதற்குத் தேவைப்பட்டிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1893-ல், 15 வயதில், நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கும் பிராட் இன்ஸ்டிட்யூட்டில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். அங்கே ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ. ஜப்பானிய அச்சு ஓவியங்களில் தோய்ந்தவர். தடித்த கோடு, தட்டையான நிறம், தேவையில்லாத விவரங்களை வெட்டி எறிவது என்பதுதான் அவர் வழி. பின்னாளில் உள்ளங்கை அளவு அட்டையில் ஒரு முழுக் காட்சியைப் பமீலாவால் அடக்க முடிந்ததற்கு இந்தப் பயிற்சி ஒரு முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பட்டம் வாங்காமலேயே 1897-ல் கல்லூரியை விட்டு வெளியே வந்தார். அதற்கு முந்தைய வருடமே அம்மா இறந்திருந்தார். 1899 முடிவதற்குள் அப்பாவும் போய்விட்டார். 21 வயதில் பமீலாவுக்குப் பெற்றோர் இருவரும் இல்லை. இனி சம்பாத்தியம் தூரிகையை நம்பித்தான்.

முதல் புத்தகமே மிருகக் கதை

அந்த 1899-லேயே அவருடைய அனான்சி கதைகள் நியூயார்க்கில் புத்தகமாக வந்தன. எழுத்தும் படமும் அவரே. இதில் முக்கியமான விஷயம், கதைகளை ஜமைக்கா மக்கள் பேசும் மொழியிலேயே எழுதினார். சுத்தமான ஆங்கிலத்துக்கு மாற்றவில்லை. 1905-ல் இன்னொரு ஜமைக்கா கதைப் புத்தகமும் வந்தது.

எழுதியதோடு விடவில்லை. லண்டன் வீடுகளிலும் அரங்குகளிலும் இந்தக் கதைகளை நடித்துச் சொல்லிக்காட்டினார். கெலுக்கிசாங்கர் என்று தனக்கு ஒரு மேடைப் பெயர் வைத்துக்கொண்டார். பளபள உடை, தலையில் துணிக்கட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே மெழுகுவர்த்தி. கையால் செய்த சின்னச் சின்ன பொம்மைகளை நகர்த்தியபடி கதை சொல்வார்.

பின்னால் வரப்போகும் டாரோ வேலையை யோசித்துப் பாருங்கள். சின்ன உருவம், ஒரு காட்சி, ஒரு செய்கை. பார்ப்பவர் மனதில் கதை ஓட ஆரம்பிக்க வேண்டும். பத்து வருடமாக அவர் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

இன்னொரு பக்கம், இன்றைய பார்வையில் நெருடும் கேள்வியும் இருக்கிறது. கறுப்பின மக்களின் கதைகளை லண்டன் வரவேற்பறைகளில் வேடம் போட்டுச் சொல்லி ஒருவர் பெயர் வாங்கலாமா? நியாயமான கேள்விதான். கதையைச் சொன்ன ஜமைக்காப் பாட்டிகளின் பெயர்களும் எந்த அட்டையிலும் வரவில்லை. பமீலாவின் பெயர் காணாமல் போனதைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

டிராகுலா எழுதியவரோடு டூர்

1899-ல் லண்டன் திரும்பிய பமீலாவைத் தத்தெடுக்காத குறையாக அரவணைத்தது லைசியம் நாடகக் குழு. அன்றைய இங்கிலாந்தின் சூப்பர்ஸ்டார் நடிகர் ஹென்றி இர்விங்கும் நடிகை எலன் டெரியும் நடத்திய கம்பெனி அது. அதன் பிசினஸ் மேனேஜர் யார் தெரியுமா? பிராம் ஸ்டோக்கர். ஆமாம், ‘டிராகுலா’ எழுதிய அதே ஆள். ஸ்டோக்கரின் கடைசி நாவலுக்கு 1911-ல் படம் வரைந்தது பமீலாதான்.

குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார். மேடைக்கு வேண்டிய வடிவமைப்பு வேலைகளில் கை கொடுத்தார். எலன் டெரி இவருக்கு வைத்த செல்லப்பெயர் ‘பிக்ஸி’. குட்டித் தேவதை மாதிரி ஒரு அர்த்தம். நண்பர்கள் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கவிஞர் டபிள்யூ.பி. யேட்ஸும் நண்பர். அவர் தம்பி, ஓவியர் ஜாக் யேட்ஸோடு சேர்ந்து ஒரு படப் பத்திரிகையில் வேலை பார்த்தார் பமீலா. அது சரிப்பட்டு வராமல் 1903-ல் ‘தி கிரீன் ஷீஃப்’ என்று சொந்தப் பத்திரிகையே தொடங்கினார். கவிதை, கதை, கையால் நிறம் தீட்டிய படங்கள். 13 இதழ்கள் வந்தன. 1904-ல் நின்றுபோனது. அப்புறம் சிறு பதிப்பகம். பெண் எழுத்தாளர்களின் புத்தகங்களை நிறைய போட்டார். அதிலும் பெரிய காசில்லை.

இன்றைய பாஷையில் சொன்னால் ஃப்ரீலான்ஸ் இல்லஸ்ட்ரேட்டர், இண்டி பப்ளிஷர், பெர்ஃபாமர். திறமைக்குப் பஞ்சமில்லை, கான்டாக்ட்ஸ் எல்லாம் டாப் கிளாஸ். வாடகைக்குத்தான் காசில்லை. இந்த புரொஃபைல் உங்களுக்குத் தெரிந்த யாரையாவது ஞாபகப்படுத்தினால் ஆச்சரியமில்லை.

பிக்காசோவுக்கு முன்னால்

1907 ஜனவரி. நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய கேலரியில் பமீலாவின் ஓவியக் கண்காட்சி. அதுவரை அங்கே புகைப்படங்கள் மட்டும்தான் காட்சிக்கு வைக்கப்பட்டன. புகைப்படம் அல்லாத படைப்புக்கு அந்தச் சுவரில் முதல் இடம் கிடைத்தது பமீலாவுக்கு. வரவேற்பு நன்றாக இருந்ததால் கண்காட்சியை நீட்டித்தார்கள். ரோதான், மத்தீஸ், பிக்காசோ எல்லோரும் அதே கேலரிக்கு வந்தது இதற்குப் பிறகுதான்.

அங்கே பேசப்பட்டவை இசை கேட்டபடி வரைந்த படங்கள். பீத்தோவனோ டெபூசியோ காதில் விழும்போது பமீலாவுக்குக் கண்ணெதிரே காட்சிகள் விரியுமாம். அலைகள், மலைகள், நடந்து போகும் பெண்கள். கை தானாக வரையும். ஒரு புலன் இன்னொரு புலனைத் தூண்டும் இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் சினஸ்தீசியா என்று பெயர்.

அடுத்தடுத்த இரண்டு வருடங்களிலும் அதே கேலரியில் காட்சிகள் நடந்தன. ஆனால் ஸ்டீக்லிட்ஸின் கவனம் சீக்கிரமே ஐரோப்பிய நவீன ஓவியர்கள் பக்கம் திரும்பிவிட்டது.

அந்த 1909

யேட்ஸ் வழியாக 1901-ல் ஒரு ரகசியச் சங்கத்தில் சேர்ந்திருந்தார் பமீலா. ‘கோல்டன் டான்’ என்று பெயர். சடங்கு, குறியீடு, ஜோதிடம், மாய மந்திரம் எல்லாம் கலந்த ஆன்மிக கிளப் என்று சொல்லலாம். அங்கேதான் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டைச் சந்தித்தார். மறைஞானம் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர். குறியீடுகளைச் சரியாகச் சொல்லும் ஒரு டாரோ கட்டு வேண்டும் என்பது அவர் ஆசை. வரையத் தெரிந்த ஆள் சங்கத்திலேயே இருக்கிறார். வேலையைக் கொடுத்துவிட்டார்.

1909 ஏப்ரல் வாக்கில் ஆரம்பித்து அக்டோபருக்குள் முடித்தார் பமீலா. ஆறு மாதம், 78 படங்கள். சராசரியாக இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு ஓவியம். அந்த டிசம்பரில் வில்லியம் ரைடர் அண்ட் சன் நிறுவனம் வெளியிட்டது.

இதில் யார் பங்கு எவ்வளவு? 22 பெரிய கார்டுகளுக்கு வெயிட் விவரமான குறிப்புகள் கொடுத்திருக்கிறார். சில கார்டுகளுக்கு ஊட்டி விடுவது மாதிரி சொல்லித்தர வேண்டியிருந்தது என்று 1938-ல் வந்த தன் சுயசரிதையில் அவரே சலித்துக்கொள்கிறார். ஆனால் மீதி 56 சின்ன கார்டுகளைப் பற்றி அவர் அவ்வளவாக அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவற்றில் பெரும்பாலும் பமீலாவின் கற்பனைதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

இங்கேதான் திருப்புமுனை. அதுவரை புழக்கத்தில் இருந்த பெரும்பாலான கட்டுகளில் சின்ன கார்டு என்றால் வெறும் எண்ணிக்கைதான். எட்டு வாள் என்றால் எட்டு வாள் படம். நம்ம சீட்டில் எட்டு ஸ்பேட் இருக்கிற மாதிரி. அர்த்தம் தெரிய வேண்டுமென்றால் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 15-ம் நூற்றாண்டு இத்தாலியின் ‘சோலா புஸ்கா’ கட்டு இதற்கு ஒரு விதிவிலக்கு. அதில் 78 கார்டுகளிலும் உருவங்கள் உண்டு. அதன் புகைப்படங்கள் 1907-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. பமீலா அவற்றைப் பார்த்திருக்க வேண்டும். இதயத்தைத் துளைக்கும் மூன்று வாள், கட்டுக் கோலைச் சுமந்து குனிந்து நடப்பவன் என்று சில படங்களில் சாயல் அப்படியே தெரியும்.

மற்றபடி எட்டு வாளுக்கு நடுவே கட்டுண்டு, கண் மூடப்பட்டு ஒரு பெண்ணை நிறுத்தியதும், ஒன்பது வாளுக்குக் கீழே படுக்கையில் முகம் பொத்தி ஒருத்தியை உட்கார வைத்ததும் பமீலாதான். மனப்பாடம் செய்ய வேண்டிய எண்ணை, பார்த்ததும் புரியும் காட்சியாக மாற்றினார். இரண்டு நாணயங்களைச் சுழற்றும் வித்தைக்காரன் கார்டைப் பாருங்கள். அவன் நிற்பது மேடைத் தரை மாதிரியும், பின்னால் ஆடும் கப்பல்கள் நாடகத் திரைச்சீலை மாதிரியும் இருக்கும். லைசியம் குழு கற்றுக்கொடுத்த பாடம்.

சரி, சம்பளம்? நவம்பரில் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு பெரிய வேலையை மிகக் குறைந்த காசுக்கு முடித்துக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். ஒரிஜினல் ஓவியங்கள் சிலவற்றை அனுப்புவதாகவும், யாருக்காவது பிடிக்கலாம் என்றும் எழுதுகிறார். ராயல்டி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் பாம்பு நெளிவது மாதிரி ஒரு சின்னக் கிறுக்கல் இருக்கும். பி, சி, எஸ் என்ற அவருடைய மூன்று எழுத்துகளைப் பின்னிய கையெழுத்து. அவருக்கான கிரெடிட் அவர் தானே போட்டுக்கொண்ட அந்தக் கிறுக்கல்தான். கார்டுகளின் பெயர், பதிப்பாளரையும் வெயிட்டையும் சேர்த்து ‘ரைடர்-வெயிட்’ என்று நிலைத்துவிட்டது.

நாய், முயல், நத்தை

இப்போது பூனைக் கட்டுக்கு வருவோம். டாரோவை வைத்து ‘ரீடிங்’ பார்ப்பது எப்படி?

ரொம்ப சிம்பிளான முறை மூன்று கார்டு. கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கலைத்து, மூன்றை எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். இடமிருந்து வலமாக நேற்று, இன்று, நாளை. கார்டு தலைகீழாக வந்தால் அர்த்தம் கொஞ்சம் மாறும் அல்லது வலு குறையும் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. தோழி அதையெல்லாம் பார்ப்பதில்லை. பூனை தலைகீழாகத் தொங்குவது சகஜம்தானே என்பது அவள் வாதம்.

மிருகக் கார்டில் கவனிக்க வேண்டியது, அந்த மிருகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை. பயந்திருக்கிறதா, தூங்குகிறதா, எதையாவது உற்றுப் பார்க்கிறதா? மனித முகம் இருக்கும் கார்டில் இது நானில்லை, வேறு யாரோ என்று ஒதுங்கிக்கொள்ளலாம். பூனையிடம் அந்தச் சாக்கு எடுபடாது. சிரித்துக்கொண்டே உள்ளதைச் சொல்லிவிடுவோம். அன்று எங்கள் மேஜையிலும் அதுதான் நடந்தது. ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்று ஒரு பையன், முகம் பொத்திய பூனையைப் பார்த்துத்தான் வாய் திறந்தான்.

இன்னொரு சுவாரசியம், பமீலாவின் மூலக் கார்டுகளிலேயே மிருகங்கள் நிறைய. முட்டாள் கார்டில் மலை விளிம்பில் கால் வைக்கப் போகிறவன் பக்கத்தில் வெள்ளை நாய் ஒன்று துள்ளும். எச்சரிக்கிறதா, உற்சாகப்படுத்துகிறதா? பார்ப்பவர் மூடைப் பொறுத்தது. வலிமை கார்டில் ஒரு பெண் சிங்கத்தின் வாயைக் கையால் பிடித்திருப்பாள், சண்டை போடாமல். நிலா கார்டில் நாயும் ஓநாயும் நிலவைப் பார்க்க, தண்ணீரிலிருந்து நண்டு மாதிரி ஒன்று ஏறி வரும். கோல் ராணியின் காலடியில் கறுப்புப் பூனை. நாணய ராணியின் கார்டில் மூலையில் ஒரு முயல் தாவும். கிண்ணப் பணியாளின் கிண்ணத்துக்குள்ளிருந்து மீன் எட்டிப் பார்க்கும். அவனும் சீரியஸாக அதோடு பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது ஒன்பது நாணயம். செல்வச் செழிப்பான தோட்டத்தில், கையில் பருந்தோடு நிற்கும் சீமாட்டி. அவள் காலடியில், யாரும் கவனிக்காத இடத்தில், ஒரு நத்தை ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும்.

அனான்சியின் தோழி இல்லையா, சின்ன ஜந்துக்களை விட மனசு வராது.

ஆக, மனிதர்களை எடுத்துவிட்டு மிருகங்களை வைத்த பிற்கால ஓவியர்கள் பமீலாவுக்கு விரோதமாக எதையும் செய்துவிடவில்லை. கிம் கிரான்ஸ் வரைந்த ‘வைல்ட் அன்நோன்’ மாதிரி மிருகங்களையும் இயற்கையையும் வைத்துத் தனி மொழியை உருவாக்கியவர்களும் இருக்கிறார்கள். பிராகாவில் பூனைகளுக்குப் பழைய கால ராஜா ராணி உடை போட்ட ‘பரோக் பொஹீமியன் கேட்ஸ்’ மாதிரி விளையாட்டாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கடையில் ஏதாவது ஒரு மிருகக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். மலை விளிம்பு, கண்கட்டு, பத்துக் குச்சி கண்ணில் பட்டால், அது பமீலாவின் வீட்டில் குடியிருக்கும் மிருகம்.

அப்புறம் என்ன ஆனது?

1909-க்குப் பிறகு அவர் டாரோ பக்கம் திரும்பவே இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய ஓவியர் குழுவுக்குப் படங்கள் வரைந்தார். 1911-ல் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார். முதல் உலகப் போர் நேரத்தில் நிவாரண நிதிக்காக வேலை செய்தார். 1913-ல் எலன் டெரியின் ரஷ்ய பாலே புத்தகத்துக்கு வரைந்த படங்களைத் தாண்டிப் பெரிய வாய்ப்புகள் வரவில்லை. போருக்குப் பிறகு ரசனை மாறிப்போனது. அவருடைய பாணி பழசாகிவிட்டது.

மாமா ஒருவர் விட்டுச்சென்ற சொத்தில் கொஞ்சம் பணம் வந்தது. அதை வைத்து இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் லிஸார்ட் தீபகற்பத்தில் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். கத்தோலிக்கப் பாதிரியார்கள் வந்து ஓய்வெடுக்கும் விடுதியாக அதை நடத்தினார். ரகசியச் சங்கத்தில் டாரோ வரைந்த பெண், சாமியார்களுக்கு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். வாழ்க்கை யாருக்கும் ஒரே கார்டாக வருவதில்லை போல. நோரா லேக் என்ற பெண்மணி அந்த வருடங்களில் உடனிருந்தார்.

கடைசியில் அதே கார்ன்வாலின் பியூட் என்ற கடலோர ஊர். 1951 செப்டம்பர் 18 அன்று, 73 வயதில் அங்கே இறந்தார். உடைமைகளை நோராவுக்கு எழுதி வைத்திருந்தார். ஆனால் கடன் அதைவிட அதிகமாக இருந்தது. வீட்டில் இருந்த பொருட்களை ஏலத்தில் விற்றுக் கடனை அடைத்தார்கள். நோராவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பமீலாவைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் இல்லை.

அவருடைய கார்டுகளில் ஐந்து நாணயம் என்று ஒன்று உண்டு. பனி கொட்டும் ராத்திரியில், கிழிந்த துணியோடு இரண்டு பேர் நடந்து போவார்கள். அவர்களுக்கு மேலே, தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல் உள்ளிருந்து வரும் வெளிச்சத்தில் ஜொலிக்கும். 31 வயதில் அதை வரைந்தபோது அவர் மனதில் என்ன இருந்ததோ. முடிவு தெரிந்த பிறகு அந்தக் கார்டைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

பெயர் திரும்பி வந்த கதை

1970-களில் ஸ்டூவர்ட் காப்ளான் என்பவரின் யு.எஸ். கேம்ஸ் நிறுவனம் இந்தக் கட்டை அமெரிக்காவில் மறுபடி கொண்டுவந்தது. ஹிப்பி காலம், மாற்று ஆன்மிகத்தின் மேல் மோகம். பிய்த்துக்கொண்டு போனது. இன்று உலகில் மிக அதிகமாகப் புழங்கும் டாரோ அதுதான். பமீலா இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. வாரிசு யாரும் இல்லை.

அதே காப்ளான்தான் பிறகு அவருடைய ஓவியங்களையும் கடிதங்களையும் தேடித்தேடிச் சேர்த்து, 2018-ல் அவர் வாழ்க்கை பற்றிப் பெரிய புத்தகம் வெளியிட்டவர்களில் ஒருவர். 2009-ல் நூற்றாண்டுப் பதிப்பு வந்தபோது அவர் பெயர் முன்னால் வந்தது: ‘ஸ்மித்-வெயிட்’. இப்போது டாரோ வட்டாரத்தில் ‘ரைடர்-வெயிட்-ஸ்மித்’ என்று சொல்வதே வழக்கமாகிவிட்டது. பட்டம் வாங்காமல் அவர் வெளியேறிய பிராட் இன்ஸ்டிட்யூட், 2019-ல் அவருக்காகக் கண்காட்சி நடத்தியது. நியூயார்க்கின் விட்னி மியூசியம் 2022-ல் அவருடைய ஓவியத்தைச் சுவரில் மாட்டியது.

சட்டப்படி பார்த்தால், இப்போது யார் வேண்டுமானாலும் அந்தப் படங்களின் மேல் பூனை வரையலாம். இந்தியச் சட்டத்தில் படைப்பாளி இறந்து 60 வருடம் வரைதான் காப்புரிமை. 2011 முடிவோடு அது போய்விட்டது. பிரிட்டனில் 70 வருடம், 2021-ல் முடிந்தது. 1909-ல் வெளியானது என்பதால் அமெரிக்காவில் அதற்கும் முன்பே முடிந்த விஷயம். மிருகக் கட்டுகள் இவ்வளவு குவிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோழியின் பெட்டியோடு வந்த குட்டிப் புத்தகத்தை அடுத்த நாள் வாங்கிப் புரட்டினேன். ஓவியர் பெயர் இருந்தது, பதிப்பாளர் பெயர் இருந்தது, ரைடர்-வெயிட் மரபைப் பின்பற்றியது என்று ஒரு வரியும் இருந்தது. ஸ்மித் இல்லை. பேனாவால் எழுதிச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். எழுதச் சொன்னாள்.

ஸ்டீக்லிட்ஸ் வைத்திருந்த பமீலாவின் ஓவியங்கள் இப்போது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. யாருக்காவது பிடிக்கலாம் என்று அவர் கடிதத்தில் சொன்ன அந்த 78 டாரோ ஒரிஜினல்களில் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.